வாய் திறக்கத் தயக்கம்: தனிப்பயிற்சி, வகுப்பு, பேச்சு மன்றம், ஆலோசகர் - யாருக்கு எது?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. படிப்பில் நல்ல மதிப்பெண், வேலையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீட்டிங்கில் தன் முறை நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்க்கிறது. தெரிந்த பதில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் அதே பதிலைச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறார். "எனக்கு கான்ஃபிடன்ஸே இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேரட்டுமா, டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றத்துக்குப் போகட்டுமா, கவுன்சிலிங் தேவைப்படுமா? வீட்டிலேயே பழகிக்கொள்ள முடியாதா?"

நான்கும் பலன் தரும், ஆளுக்குத் தக்கபடி. பணம் கட்டிவிட்டு மூன்றாவது வாரமே நின்றுவிடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அவர் தன் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் போய்ச் சேர்ந்திருப்பார். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

## உங்களுடையது எந்த வகைச் சந்தேகம்?

தன்னம்பிக்கைக் குறைவு என்று நாம் சொல்வதில் குறைந்தது நாலு வகை கலந்து கிடக்கிறது.

முதல் வகையில், திறமை உண்மையிலேயே போதவில்லை. ஆங்கிலத்தில் வாக்கியம் அமையவில்லை, அல்லது வேலை விஷயமே அரைகுறையாகத்தான் தெரியும். இங்கே சந்தேகம் சரியான தகவலைத்தான் சொல்கிறது. அதை விரட்ட வேண்டியதில்லை, கற்றுக்கொண்டால் போதும்.

இரண்டாவது வகையில் திறமை இருக்கிறது, பயம் மறிக்கிறது. நம் ஊரில் சபைக்கூச்சம் என்பார்கள்.

மூன்றாவது வகை விசித்திரமானது. செய்தும் காட்டிவிடுவார், பாராட்டும் வரும். ஆனாலும் "ஏதோ அதிர்ஷ்டம், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று நினைப்பார். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

நாலாவது வகையில் சிக்கல் உங்களிடம் இல்லை, சுற்றி இருப்பவர்களிடம். "தமிழ் மீடியமா?" என்று சிரிக்கிற டீம் லீட், உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டுகிற சீனியர், பேச ஆரம்பித்ததும் குறுக்கே விழுகிற மேனேஜர். இப்படி ஒரு இடத்தில் யாருக்கும் வாய் வராது. இதற்காக வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண். டீம் மாற முடியுமா, வேறு வேலை தேட முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் சரிசெய்த ஒரு பிழை, முடித்துக் கொடுத்த ஒரு வேலை. அதை நெருங்கிய நண்பரிடம் தமிழில் மூன்று நிமிடம் சொல்லுங்கள். அதையே அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அப்புறம், அதிகம் பழகாத ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள். நண்பரிடம் தமிழ் சரளமாக வந்து, ஆங்கிலம் மட்டும் தடுக்கினால் மொழிதான் சிக்கல். பழகாதவரிடம் தமிழே தடுக்கினால் அது கூச்சம். ஸ்போக்கன் இங்கிலீஷ் அதைத் தொடப்போவதில்லை. மூன்றும் நன்றாகப் போய், கேட்டவரும் நன்றாக இருந்தது என்று சொல்லி, நீங்கள் மட்டும் "சும்மா சொல்கிறார்" என்று நினைத்தால் மூன்றாவது வகை. நண்பரிடம் தமிழிலேயே மூன்று நிமிடம் ஓடவில்லை என்றால் விஷயம் இன்னும் பிடிபடவில்லை. வேலையைக் கற்றுக்கொள்வதில்தான் முதல் கவனம் போக வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் ஒரு கணக்குச் சொன்னார். "என்னால் முடியும்" என்ற எண்ணம் நாலு வழியில் வருகிறது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தக்கவர் சொல்லும் சொல், உடம்பின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. யார் எவ்வளவு ஊக்கப்படுத்தினாலும், தானே ஒருமுறை செய்து முடித்ததற்கு ஈடாகாது.

காந்தியை எடுத்துக்கொள்ளலாம். லண்டனில் பாரிஸ்டர் படித்து வந்தவர், பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் கட்டணத்தையும் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். அதே மனிதர் 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அவருடைய முதல் பொதுப் பேச்சு அதுதான். நடுவில் அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது, கேட்க ஆட்கள் கிடைத்தார்கள்.

ஆக, எந்த வழியானாலும் நான் கேட்கச் சொல்வது ஐந்து கேள்விகள். ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்? எதிரே இருப்பவர்கள் என்னைப் போன்றவர்களா? கிடைக்கும் கருத்து நம்பும்படி இருக்குமா? படபடப்புக்கு இங்கே ஏதாவது வழி உண்டா? பணம் போக வேறு என்ன செலவு?

| | தனிப்பயிற்சி | வகுப்பு | பேச்சு மன்றம் | ஆலோசகர் |
|---|---|---|---|---|
| பேசக் கிடைக்கும் நேரம் | எவ்வளவு வேண்டுமானாலும், ஆனால் எதிரே ஆள் இல்லை | பெரிய பேட்ச் என்றால் மிகக் குறைவு | கூட்டத்துக்குச் சில நிமிடம், ஆனால் எல்லோர் முன்னாலும் | பேச்சு முழுக்க உங்களுடையது, கேட்பவர் ஒருவர் |
| கருத்து | உங்கள் காது மட்டுமே | இலக்கணத் திருத்தம் | நேரடி மதிப்பீடு, கொஞ்சம் இனிப்பு தூவியது | ஆழமானது |
| படபடப்பு | ஓரளவு | பெரும்பாலும் அதற்கு வழி எதுவும் சொல்லித்தருவதில்லை | பழகப் பழகக் குறையும் | இதற்கென்றே முறைகள் உண்டு |
| பணம் | ஏறக்குறைய இல்லை | இடத்துக்கு இடம் மாறும் | நடுத்தரம் | தனியாரிடம் அதிகம், அரசு மருத்துவமனையில் மிகக் குறைவு |
| மறை செலவு | முடிவில்லாத தயாரிப்பு | அடுத்தடுத்த லெவல் | வார இறுதிகள் | சரியான ஆளைத் தேடும் அலைச்சல் |
| பொருந்துவது | தொடக்கத்துக்கு எல்லோருக்கும் | முதல் வகை | இரண்டாவது வகை | முற்றிய இரண்டாவது, மூன்றாவது வகை |

## தனிப்பயிற்சி

செலவில்லாத வழி என்பதாலேயே இதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் இதில் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு அறிவுரைகளை நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று, கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி" என்று தினமும் சொல்வது. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தன்னைக் குறைவாக நினைப்பவர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் மோசமானது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வாய் ஒன்று சொல்லும்போது உள்ளே இருக்கும் ஆள் "பொய்" என்று பதில் சொல்கிறான். இரண்டு, கைகளை இடுப்பில் வைத்து வீரன் மாதிரி நிற்பது. பவர் போஸ் என்று ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. ஹார்மோனே மாறும் என்றார்கள். பின்னால் 200 பேரை வைத்துச் செய்த சோதனையில் ஹார்மோன் மாறவில்லை. 2010-இல் பவர் போஸ் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவரே பிறகு தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டார்.

பயன் தருவது போனில் இருக்கும் ரெக்கார்டர். நாளைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் (டீம் கூடி வேலை நிலவரம் சொல்லும் சின்னக் கூட்டம்) சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களை இன்று ராத்திரி வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். பார்ப்பதற்கு முன்னால், "எப்படி இருந்திருக்கும்" என்று ஒரு தாளில் எழுதுங்கள்: குரல் நடுங்கியது, முகம் சிவந்தது, இருபது முறை 'ம்ம்' போட்டேன். பிறகு யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல வீடியோவைப் பாருங்கள். எழுதியதற்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள தூரம்தான் பாடம். நடுக்கம் உள்ளே உணரும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. ஆலோசகர்கள் சிகிச்சையிலேயே பயன்படுத்தும் முறை இது.

படபடப்புக்கும் ஒரு சின்ன உத்தி. "பதற்றப்படாதே" என்று தன்னை அடக்குவதைவிட "ஆர்வமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் காட்டினார். இதயம் அடித்துக்கொள்வது இரண்டுக்கும் ஒன்றுதான்.

மறை செலவு என்னவென்றால், அறைக்குள் பழகுவதே பழக்கமாகிவிடும். இன்னும் ஒரு வீடியோ, இன்னும் கொஞ்சம் தயாரிப்பு என்று ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குள் ஒருவர் முன்னாலாவது வாய் திறக்கவில்லை என்றால் இது தப்பித்தலாக மாறிவிட்டது என்று அர்த்தம்.

## ஸ்போக்கன் இங்கிலீஷ், பெர்சனாலிட்டி வகுப்புகள்

விளம்பரத்தில் விற்பது தன்னம்பிக்கை, உள்ளே சொல்லித்தருவது டென்ஸ். மொழிதான் சிக்கல் என்றால் அதில் தப்பில்லை. நல்ல ஆசிரியர், சிறிய பேட்ச், தினமும் வீட்டுப் பாடம் அமைந்தால் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் முப்பது பேர். ஆசிரியர் பாதி நேரம் போர்டில் எழுதுகிறார். மீதி முப்பது நிமிடத்தைப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு நிமிடம். அதிலும் முன்வரிசையில் துடிப்பாக இருக்கும் நாலு பேர் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வார்கள். கூச்சப்படுகிறவர் மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக முடியும்! டெமோ கிளாஸுக்குப் போனால் ஆசிரியரின் ஆங்கிலத்தைக் கவனிக்காதீர்கள். மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். யாராவது தடுக்கும்போது ஆசிரியர் பாதியில் வெட்டித் திருத்துகிறாரா, முடிக்க விட்டுப் பிறகு சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். முதல் ரகம் என்றால் கூச்சக்காரருக்கு அந்த இடம் ஆகாது.

செலவு முதல் தவணையோடு முடியாது. பேசிக் முடிந்ததும் அட்வான்ஸ்டு, அதற்கப்புறம் இன்டர்வியூ ஸ்கில்ஸ் என்று நீளும். மொத்தம் எத்தனை லெவல், எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நீங்கள் இன்னும் கல்லூரியில் இருந்தால், தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வெளியே பணம் கட்டலாம்.

ஒரு விஷயத்தில் வகுப்பு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து, உங்களைவிட மூன்று மாதம் முன்னால் சேர்ந்து, இப்போது தட்டுத்தடுமாறியாவது பேசுகிற ஒருவர் அங்கே இருப்பார். சரளமாகப் பேசும் பயிற்சியாளரைப் பார்த்தால் "அவர் வேறு" என்று தோன்றும். இவரைப் பார்த்தால் "இவனே பேசுகிறானே" என்று தோன்றும்.

## டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சு மன்றங்கள்

கூச்சம்தான் சிக்கல் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸுக்கு இன்று சென்னை, கோவை போன்ற நகரங்களில் மன்றங்கள் உண்டு. தமிழிலேயே நடக்கும் மன்றங்களும், ஆன்லைனில் கூடுபவையும் உண்டு. விருந்தினராகப் போய்ப் பார்க்கக் கட்டணம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது? முதலில் சிலர் தயாரித்து வந்த பேச்சைப் பேசுவார்கள். புதியவரின் முதல் பேச்சு தன்னைப் பற்றித்தான், 4 முதல் 6 நிமிடம். நேரம் பார்ப்பவர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டையோ விளக்கோ காட்டுவார். அப்புறம் டேபிள் டாபிக்ஸ். தலைப்பு அந்த நொடியில்தான் தெரியும். ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒருவர் 'ஆ', 'ம்ம்' எத்தனை என்று எண்ணுவார். கடைசியில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொல்வார்.

கூச்சக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பேச்சு கொடுப்பதற்கு முன்னால் நேரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று, எழுதி வைத்ததைப் படித்தால் போதும்: இன்னார் ஐந்து நிமிடம் பத்து வினாடி, இன்னார் ஆறு நிமிடம். யாரும் உங்களை மதிப்பிடப் போவதில்லை. ஆனால் இருபது பேர் முன்னால் எழுந்து நின்று குரல் கொடுத்தாகிவிட்டது. அடுத்த முறை 'ம்ம்' எண்ணும் பொறுப்பு, அதற்கடுத்து டேபிள் டாபிக்ஸ், பிறகு பேச்சு. படிப்படியாக ஏற இவ்வளவு வசதியான ஏணி வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம்.

செலவு: 2023 அக்டோபர் முதல் தலைமையகச் சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர், அதாவது சுமார் 5,000 ரூபாய். புதிதாகச் சேரும்போது ஒருமுறை 20 டாலர். இடவாடகைக்கு மன்றம் தனியாக வசூலிக்கலாம். உங்கள் கம்பெனிக்குள்ளேயே மன்றம் இருந்தால் நிர்வாகமே ஒரு பகுதியைக் கட்டுவதும் உண்டு, எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரிய மறை செலவு நேரம். இரண்டு வாரத்துக்கொரு கூட்டம் என்று சேர்வீர்கள். பிறகு பொறுப்பு, போட்டி, பதவி என்று வார இறுதிகள் கரையும். கைதட்டலும் ஒரு சிக்கல். அங்கே எல்லோருக்கும் கைதட்டுவார்கள். முதல் மாதம் அது மருந்து, ஒரு வருடம் கழித்து அதுவே பழக்கம். மன்றத்தில் ஏழு நிமிடம் அசத்துகிறவர், ஆபீஸில் மேனேஜர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டதும் திணறுவதுண்டு. குறுக்கே யாரும் விழாத மேடைக்குப் பழகியவர் அவர். அதனால் தயாரித்த பேச்சைவிட டேபிள் டாபிக்ஸுக்கு அதிகம் கை தூக்குங்கள். மீட்டிங்குக்கு நெருக்கமானது அதுதான்.

பக்கத்தில் மன்றம் இல்லாத ஊராக இருந்தால், நூலக வாசகர் வட்டத்தில் நன்றியுரை சொல்ல முன்வரலாம். நன்றியுரைக்குப் போட்டி இருக்காது.

## உளவியல் ஆலோசகர்

எல்லாத் தயக்கத்துக்கும் ஆலோசகர் தேவையில்லை. எப்போது தேவை? பேச வேண்டி வரும் என்பதற்காகவே பதவி உயர்வை மறுத்தீர்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் முன் சாப்பிடக்கூட முடியவில்லை. விசேஷத்துக்குப் போகும் முன் கொஞ்சம் குடித்தால்தான் முடிகிறது. மீட்டிங்குக்கு முந்தைய ராத்திரி தூக்கம் இல்லை. இது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது. இப்படி என்றால் இது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம், மேடையில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது.

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட முறை சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2013-இல் இதைத்தான் முதல் சிகிச்சையாக வைத்தது. அதில் ஒரு வகைக்குக் கால அளவு நாலு மாதத்தில் அதிகபட்சம் 14 அமர்வுகள். வருடக்கணக்கில் போக வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அறிவுரையைவிடச் சோதனைதான் இதில் அதிகம். பயத்தை மறைக்க நீங்கள் செய்யும் சின்னச் சின்ன தந்திரங்களை, அதாவது கேமராவை அணைத்து வைப்பது, ஒவ்வொரு வார்த்தையையும் மனப்பாடம் செய்வது, கண்ணைப் பார்க்காமல் பேசுவது போன்றவற்றை, ஒரு மீட்டிங்கில் வேண்டுமென்றே விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பயந்தது நடந்ததா என்று அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகைக்காரர்களுக்கும் இது பொருந்தும். அவர்களிடம் சான்றுகளுக்குக் குறைவில்லை, அவற்றைத் தள்ளுபடி செய்யும் பழக்கம்தான் உள்ளே இருக்கிறது. பழக்கத்தை நாலு கேள்வி கேட்டு உடைக்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். நேர்மையாகப் பேசும் ஒரு சீனியர் கிடைத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பணத்தைவிட இங்கே அலைச்சல்தான் பெரிது. கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்கும், எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் ஆள் ஒத்துவராமல் இரண்டாவது ஆளிடம் போக வேண்டிவரலாம். வீட்டில் "உனக்கென்ன பைத்தியமா" என்ற கேள்வியும் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. வசதி குறைந்தவர்கள் அங்கே தொடங்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தன் மேலுள்ள சந்தேகம் வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வரை போயிருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இன்டர்வியூவுக்கு முன்னால் படபடப்பு அடங்க புரோப்ரனோலால் போடலாம் என்று நண்பர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

## ஒருநாள் ஊக்கப் பட்டறைகள்?

அரங்கம் நிறையக் கூட்டம், உரத்த இசை, எல்லோரும் எழுந்து நின்று கத்துவது. அன்று ராத்திரி மலையையே புரட்டலாம் போலிருக்கும். திங்கட்கிழமை மீட்டிங்கில் அது உதவாது, ஏனென்றால் அங்கே நீங்கள் தனியாக ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. கம்பெனி செலவு என்றால் போய்விட்டு வாருங்கள். கைக்காசு என்றால் வேண்டாம்.

## எந்த வரிசையில்?

ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. மொழியும் கூச்சமும் சேர்ந்தே இருப்பவர், தமிழ் மன்றம் ஒன்றில் கூச்சத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு ஆங்கில வகுப்புக்குப் போவது நல்லது. இரண்டையும் ஒரே இடத்தில் ஆங்கிலத்தில் தீர்க்கப் பார்த்தால், எதில் தடுக்குகிறோம் என்றே தெரியாது. ஆலோசகரிடம் போகிறவருக்கு மூன்றாவது நாலாவது அமர்வுக்குப் பிறகு மன்றம் நல்ல சோதனைக்களம். அவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். ரெக்கார்டர் எல்லா நேரமும் கூடவே இருக்கட்டும்.

எதில் சேர்ந்தாலும், "தைரியமாக உணர்கிறேனா" என்று அளக்காதீர்கள். அந்த உணர்வு கடைசியில்தான் வரும், அதுவும் தினமும் வராது. இந்த வாரம் கேட்காமலேயே எத்தனை முறை வாய் திறந்தேன் என்று எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டதும் கணக்கு, கேன்டீனில் புதியவரிடம் பேச்சுக் கொடுத்ததும் கணக்கு. இரண்டு மாதம் கழித்தும் அந்த எண் நகரவில்லை என்றால், அடுத்த தவணை கட்டுவதற்கு முன் மேலே உள்ள மூன்று நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். சிக்கலை வேறு வகையில் போட்டிருக்கலாம்.